இருவர் சேர்ந்து கழற்ற வேண்டிய கூரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது.

ஏணி நெவிலுடையது. என் வீட்டு மழைநீர்க் குழாயில் ஒரு புறா குடும்பத்தோடு குடியேறிவிட்டதால் இரவல் வாங்கியிருந்தேன். (புறாவோடு நடந்த பேச்சுவார்த்தை தனிக்கதை. அது ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டு பக்கமும் மரியாதை குறையவில்லை. புறா இன்னும் அங்கேதான் இருக்கிறது.) ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு நழுவப் பார்த்தேன். நெவிலின் மனைவி ஹேஸல் சமையலறைக் கதவைத் திறந்து, தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். இங்கிலாந்தின் இந்த நனீட்டன் ஊரில் தேநீரை மறுக்க வேண்டுமானால் மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டும். உட்கார்ந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே கார் ஷெட். உள்ளே துணிக்கூரை போட்ட பழைய இரண்டு இருக்கைக் கார் ஒன்று. அதைச் செய்த கம்பெனி செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. பெயரைச் சொன்னால் அதன் ரசிகர் சங்கத்திலிருந்து ஆள் வருவார்கள் என்பதால் சொல்லவில்லை. காரைச் சுற்றி எழுபது தாண்டிய இரண்டு கிழவர்கள், நெவிலும் அவர் நண்பர் டெஸ்மண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும், வருஷக்கணக்காக.

ஹேஸல் கரண்டியால் அந்தப் பக்கம் காட்டிச் சொன்னார்:

“அந்தக் கார் அவங்க ரெண்டு பேருக்குமே பிடிக்காது. ஒருத்தருக்குப் பிடிக்காதுன்னு இன்னொருத்தருக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்துச்சு.”

பிறகு, கூரையைக் கழற்றின அந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னது பாதி. மீதியை நான் போட்டேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். எழுத உட்கார்ந்த இடத்தில் இரண்டும் கலந்துவிட்டன, பிரிக்கிற வயசு எனக்கு இல்லை.

2

இனி ஆரம்பம். நான்கு ஆரம்பங்கள் எழுதினேன். கிழித்துப் போட்டவற்றையும் காட்டிவிடுகிறேன். தாள் வீணாகக் கூடாது.

*அந்தச் சனிக்கிழமை இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வெயில் கொளுத்திக்கொண்டிரு* —

இது ஏப்ரல் மாதக் கதை. இந்த ஊர்க்காரர் யாராவது படித்தால் ஐந்தாவது வார்த்தையிலேயே மூடிவைத்துவிடுவார்.

*அந்தக் குளிர்காலத்தில் மூடுபனி எவ்வளவு கெட்டியாக இருந்ததென்றால், நெவில் ஷெட்டுக்கு வெளியே தன் கோட்டைக் கழற்றி மூடுபனியின் மேலேயே மாட்டிவிட்டு* —

இது முந்தின குளிர்காலத்தில் நடந்த உண்மை. கோட்டு தொங்கியதை நான் பார்த்தேன். மத்தியானம் பனி விலகியதும் அது சேற்றில் விழுந்து ஹேஸலிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் பார்த்தேன். ஆனால் நம்ப மாட்டீர்கள். நம்பிக்கை போன இடத்தில் கதையை நகர்த்துவது கஷ்டம்.

*கார் என்பது வெறும் கார் அல்ல. அது ஒரு* —

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

நாலாவது:

*டெஸ்மண்ட் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்தார்.*

இது நிற்கிறது. இதன் மேல் ஏறிக்கொள்வோம்.

3

டெஸ்மண்ட் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்தார். கையில் வழக்கமான சாக்லேட் பிஸ்கட் பொட்டலம். வாய்க்குள் ஒரு வாக்கியம். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து அதைப் பழகியிருந்தார்: “நெவில், எனக்கு இது போதும்ப்பா.” கண்ணாடியில் இருந்தவர் ஒருமுறைகூட வருத்தப்படவில்லை. அது நல்ல சகுனமாகப் பட்டது.

ஏன் அன்றைக்கே சொல்ல வேண்டும்? அன்றைக்குத்தான் கூரையைக் கழற்றுவதாக இருந்தது. இதுவரை அவர்கள் செய்ததெல்லாம் பழையபடி மாற்றிவிடக்கூடிய வேலை. இன்ஜினைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். சக்கரத்தைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். கூரை அப்படியல்ல. பல பத்தாண்டுகளாக இழுத்துக் கட்டி விறைத்துப்போன துணி அது. அவிழ்த்ததும் சுருங்கிவிடும். கூரை போனால் உள் அலங்காரப் பலகைகள் போகும், தரைக் கம்பளம் போகும், பிறகு மொத்த உடம்பும் வண்ணம் பூசப் போகும், திரும்பி வந்து புதுக் கூரை, புதுப் பலகை. அந்த இருவர் வேலை செய்யும் வேகத்தில், எல்லாம் முடியும்போது டெஸ்மண்டுக்கு எண்பது தாண்டியிருக்கும். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

அவர் களைத்துவிட்டார். முழங்கால் களைத்தது, விரல் களைத்தது, சனிக்கிழமை என்று நாள்காட்டியில் பார்த்தாலே கண் களைத்தது. சரி, காராவது பிடிக்குமா என்றால் அதுவும் இல்லை. அதில் உட்கார்ந்தால் லாரிச் சக்கரத்தின் உயரத்துக்குத்தான் உலகம் தெரியும். ஒரே ஒருமுறை, கூரை திறந்த அப்படிப்பட்ட காரில் போயிருக்கிறார். வீடு வந்து சேரும்வரை அவர் நினைத்துக்கொண்டதெல்லாம் பேருந்தைப் பற்றித்தான்.

4

இங்கே என் தம்பி மகன் தொலைபேசியில் கேட்டான். அவன் மதுரையில் இருக்கிறான். கதையை அவனுக்கு இதுவரை படித்துக் காட்டினேன்.

“பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே பெரியப்பா. இதுல என்ன கதை இருக்கு?”

நியாயமான கேள்வி. எனக்கும் இந்த டெஸ்மண்ட் மேல் சந்தேகம் வந்தது. மனுஷன் இவ்வளவு வாயில்லாதவரா? அவரைக் கதையிலிருந்து அடித்துவிட்டு, கொஞ்சம் துணிச்சலான ஆளைப் போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைப் போட்டுப் பார்த்தேன். முதல் பத்தியிலேயே “இந்தத் தகர டப்பாவை விற்றுத் தொலை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கதை அரைப் பக்கத்தில் முடிந்தது. டெஸ்மண்டையே திரும்பக் கூப்பிட்டேன். அவர், தான் இல்லாததால் எனக்கு ஏதாவது சிரமமா என்று கேட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

கார் வந்த விதத்தைச் சொன்னால் புரியும்.

டெஸ்மண்டின் மனைவி பாலீன் இறந்த வருஷம், தேவாலயத்துக்குப் பணம் திரட்ட ஒரு கோடைச் சந்தை நடந்தது. நெவில் அவரை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனார். துக்கப்பட்டவரிடம் என்ன பேசுவது என்று நெவிலுக்குத் தெரியவில்லை. பேசாமலிருப்பவரோடு எப்படி நிற்பது என்று டெஸ்மண்டுக்குத் தெரியவில்லை. இருவரும் ஒரு பழைய காரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மௌனம் தாங்காமல் டெஸ்மண்ட், “நல்லா இருக்கு, இல்ல?” என்றார். அந்த இடத்தில் ஓர் ஆடு நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

நெவில் அதை மனதில் வைத்துக்கொண்டார். இலையுதிர் காலத்தில் அதே மாதிரி ஒரு கார், துருப்பிடித்தது, உள்ளே கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது, அவர் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. நெவிலுக்குக் காதில் காற்றுப் பட்டாலே வலி. ஆகஸ்ட் மாதத்திலும் கம்பளிக் குல்லாய் போடுகிறவர். கூரையில்லாத கார் அவருக்கு எதற்கு? நண்பன் ஆசைப்பட்டான், ஏதாவது ஒரு வேலையில் அவன் மனம் தேறட்டும் என்று வாங்கினார். வாங்கியதை அப்படிச் சொல்ல முடியுமா? “ரொம்ப நாளா எனக்கு இது மேல ஒரு கண்ணு. தனியா செய்ய முடியாது, கை கொடுப்பியா?” என்றார்.

பாவம், இந்த வயதில் இப்படி ஓர் ஆசை என்று நினைத்து டெஸ்மண்ட் கை கொடுத்தார். இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

[தம்பி மகனுக்கு இதையும் படித்துக் காட்டினேன். “எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கு” என்றான்.]

5

வேலைக்கு வருவோம்.

நெவில் காலையிலேயே ஹீட்டரைக் காருக்குள் வைத்திருந்தார். குளிரில் அந்தத் துணி அப்பளம் மாதிரி, தொட்டால் நொறுங்கும். கொஞ்சம் சூடு ஏறியதும் முன்கண்ணாடியின் மேல்சட்டத்தில் இருக்கும் இரண்டு கொக்கிகளை விடுவித்தார்கள். பிறகு பக்கவாட்டு டிச் பட்டன்கள். குழந்தைச் சட்டையில் இருப்பவைதான், ஆனால் இவை துருவோடு கல்யாணம் செய்துகொண்டவை. ஒவ்வொன்றின் அடியிலும் சாப்பாட்டுக் கத்தியைக் கொடுத்து நெம்ப வேண்டும். அடுத்தது, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் அலங்காரப் பலகைகள். அவற்றை எடுத்தால்தான் கூரைச் சட்டத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும்.

(சாதாரணக் கதையாக இருந்தால் பலகையின் பின்னால் ஒரு பழைய கடிதமோ மோதிரமோ கிடைக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். இருந்தது, யாரோ எந்தக் காலத்திலோ தவறவிட்ட பாலாடைக்கட்டி சாண்ட்விச்சில் பாதி. அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. நெவில் முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் கெடவில்லை என்று சொன்னதாக ஹேஸல் சொன்னார்.)

ஒரு போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டார்கள். காத்தார்கள். டெஸ்மண்ட் மனதுக்குள் அந்த போல்ட்டுக்கு நன்றி சொன்னார். அது அசையாவிட்டால் இன்றைக்குக் கூரை வராது. இன்றைக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. எதிர்ப்பக்கம் நெவில் சரியான ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் கண் முன்னாலேயே தொங்கியது. அதைத் தாண்டித் தாண்டித் தேடினார்.

டெஸ்மண்ட் பார்த்துவிட்டு, நண்பனுக்குக் கண் மங்கிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

வாசகரே, இங்கே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த இடத்துக்கு வரும்போது நானும் களைத்துவிட்டேன். டிச் பட்டன், போல்ட், பலகை. நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்களே, பாதியில் விட்டால் மரியாதையாக இருக்காதே என்று எழுதுகிறேன். கிழவர் இவ்வளவு மெனக்கெட்டு எழுதியிருக்கிறாரே என்று நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்களோ என்னவோ. ஒருவேளை நாம் இருவரும் பக்கம் மூன்றிலேயே கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதை யார் முதலில் சொல்வது?

போல்ட் அசைந்தது.

6

கையில் கருப்புப் பிசின். கழுவுவதற்காக டெஸ்மண்ட் சமையலறைக்குப் போனார். ஹேஸல் தொட்டியில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, துண்டை நீட்டியபடியே நின்றார். அவர் அன்று பேசியதற்குக் காரணம் உண்டு. முந்தின இரவு நெவில் தூங்கவில்லை. முதுகு. அதற்கு முந்தின இரவும் முதுகு. மருத்துவர் குனியாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் குனிந்துகொண்டே சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“டெஸ், கண்ணு. உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத.”

“சொல்லு.”

“அவருக்கு அந்தக் கார் பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்ல. உனக்காகத்தான் செய்யறார்.”

டெஸ்மண்ட் சோப்பைத் தண்ணீருக்கு அடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அது கரைந்துகொண்டிருந்தது.

“எனக்காகவா?”

“உனக்காகத்தான்.”

“எனக்கும் பிடிக்காதே.”

“தெரியும்” என்றார் ஹேஸல். “அதுவும் எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று டெஸ்மண்ட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருந்தது. ஹேஸல் அதை என்னிடம் சொன்னார். அந்த இரண்டு பேரும் காரணமில்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற ஜாதி இல்லை. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்வதற்குப் பதில் கால்வாயில் விழுவார்கள். கார் இருக்கிறவரை சனிக்கிழமை இருக்கிறது. கார் போனால், டெஸ்மண்ட் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார்; நெவில் இந்த வீட்டில் ஹேஸலோடு தனியாக உட்கார்ந்திருப்பார். இரண்டில் எது மோசம் என்று தனக்குத் தெரியாது என்றார் ஹேஸல்.

டெஸ்மண்டும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“இதை விட்டுட்டா அவன் சனிக்கிழமை என்ன பண்ணுவான்?”

“நீ என்ன பண்ணுவ?”

அவர் துண்டை மடித்து, மடிப்பைச் சரிபார்த்து, கம்பியில் போட்டுவிட்டு வெளியே போனார்.

7

இப்போது கூரை எல்லாப் பிடிப்பிலிருந்தும் விடுபட்டுக் காரின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைத் தனி ஆளாகத் தூக்க முடியாது, சட்டம் வளைந்துவிடும். இந்தப் பக்கம் டெஸ்மண்ட், அந்தப் பக்கம் நெவில். இருவர் கையும் சட்டத்தின் மேல். யாராவது ஒருவர் “தூக்கு” என்று சொல்ல வேண்டும்.

“நீ சொல்லு” என்றார் நெவில்.

“இல்ல, நீயே சொல்லு.”

“உன் பக்கம்தான் கனம் ஜாஸ்தி. நீ சொல்றதுதான் சரி.”

இங்கே கதையை நிறுத்திவைத்துவிட்டு முடிவு தேடப் போனேன்.

ஒரு முடிவு: டெஸ்மண்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். நெவில் வாயைப் பிளக்கிறார். இருவரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். காரை ஒரு சங்கத்துக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார். அடுத்த சனிக்கிழமை டெஸ்மண்ட் பழக்கதோஷத்தில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு நெவில் வீட்டு வாசல்வரை வருகிறார். மணியை அழுத்தினால் என்ன சொல்வது? கொஞ்ச நேரம் ஷெட்டின் சாத்திய கதவைப் பார்க்கிறார். உள்ளே நெவில் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்க்கிறார். வெளியே வந்து என்ன சொல்வது? டெஸ்மண்ட் திரும்பி நடந்து, வழியிலேயே பிஸ்கட் முழுவதையும் —

என்னால் இதை எழுத முடியவில்லை. இது உண்மையாக நடக்கக்கூடியது என்பதுதான் தொந்தரவு.

இன்னொரு முடிவு: சொல்லவில்லை. தூக்குகிறார்கள். வருஷங்கள். கார் பளபளக்கிறது. ஒரு ஜூன் மாதம் இருவரும் அதில் ஏறி உட்கார்ந்து — ஏறி உட்காரவே அக்கம்பக்கத்தில் நாலு பேர் தேவைப்படுகிறது, நானும் ஒரு காலைப் பிடித்துக்கொள்கிறேன் — ஊர் எல்லைவரை போகிறார்கள். நெவிலுக்குக் காது வலி, டெஸ்மண்டுக்கு லாரிச் சக்கரம். “அருமையா இருக்கு, இல்ல?” “அருமைப்பா.” இது சிரிப்பு வரக்கூடிய முடிவு. ஆனால் நெவிலின் முதுகு அதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று ஹேஸல் என்னிடம் கேட்பார். அவர் தேநீர்க் கெட்டிலோடு நிற்கும்போது எனக்குப் பொய் வராது.

மூன்றாவதும் ஒன்று உண்டு. திடீரென்று காற்று அடித்துக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தேவாலயக் கோபுரத்துக்குக் குல்லாய் போட்டுவிடுகிறது. பாதிரியார் ஒழுகல் நின்றதென்று கடவுளுக்கு நன்றி சொல்கிறார். எல்லோருக்கும் விடுதலை. இதைத்தான் நான் எழுத ஆசைப்பட்டேன். இருபது வருஷத்துக்கு முன்னாலென்றால் கூச்சமில்லாமல் எழுதியிருப்பேன்.

8

நடந்தது இது. இதை ஹேஸல் ஷெட் வாசலில் நின்று காதால் கேட்டார். அதனால் இதில் என் பாதி குறைவு.

டெஸ்மண்ட் சட்டத்தின் மேலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்:

“நெவில், இதை இப்பவே திரும்ப மாட்டிடலாமா?”

நெவில் குல்லாயைச் சரிசெய்துகொண்டார்.

“திரும்பவா?”

“பழசானாலும் நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஏன் புதுசு? இப்படியே மாட்டிட்டு, மத்ததெல்லாம் அப்படியே விட்டுடலாம்.”

நெவில் நெடுநேரம் கூரையைப் பார்த்தார். மஞ்சளேறிய பின் ஜன்னல், கிழிந்த ஓரம், கோழி உட்கார்ந்த தடம். எதுவும் நன்றாக இல்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “ஆனா அவுத்தாச்சு. சுருங்கியிருக்கும்ப்பா. ஒரு நாள்ல இழுபடாது.”

“இழுபடாதுதான்.”

“ஹீட்டர் வச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் இழுக்கணும். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பட்டன், ரெண்டு பட்டன்.”

“அவசரம் என்ன இருக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான்…”

“எனக்கும் ஒண்ணுமில்ல.”

டெஸ்மண்ட் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, நெவில் அதிலிருந்தபடியே இழுக்கலாம், குனியத் தேவையில்லை என்றார். எங்கிருந்து இந்த யோசனை வந்தது என்று நெவில் கேட்கவில்லை. ஹேஸல் அன்றைக்கு ஷெட்டுக்கு இரண்டுமுறை தேநீர் எடுத்துப் போனார். முதல் தடவை போனபோது டெஸ்மண்ட் இன்னும் வரவில்லை, நெவில் தனியாக இருந்தார் என்பதையும் அவர் என்னிடம் சொன்னார். அப்போது அவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பால் போதுமா என்றுதான் கேட்டாராம். நான் இந்த ஊரில் நாற்பது வருஷமாகப் பொய் சொல்கிறவன்; எனக்கு ஒரு நல்ல பொய்யைப் பார்த்தால் தெரியும். ஆனால் அது பொய்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அதற்குப் பிறகு மாதங்கள் போய்விட்டன. கூரையின் எல்லா டிச் பட்டன்களும் ஒவ்வொன்றாக மாட்டியாகிவிட்டன, டெஸ்மண்ட் பக்கத்துக் கடைசி ஒன்றைத் தவிர. துணி அதற்கு ஒரு விரல் அகலம் எட்டவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹீட்டர் வைக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து இழுக்கிறார்கள். பிஸ்கட் சாப்பிடுகிறார்கள். அடுத்த வாரம் பார்ப்போம் என்கிறார்கள்.

போன வாரம் நானே எட்டிப் பார்த்தேன். இருவரும் உள்ளே தேநீருக்குப் போயிருந்தார்கள். துணி சூட்டில் நன்றாக இளகியிருந்தது. பெருவிரலால் லேசாக அழுத்தி இழுத்தேன். எட்டியது. தாராளமாக எட்டியது. ஒரு ‘டிக்’ போதும், கூரை முடிந்தது, காரும் முடிந்தது, கதையும் முடிந்தது.

விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஷெட் கதவைச் சாத்தவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால், பட்டன் இடது பக்கம், காரின் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அழுத்துவதானால் அழுத்துங்கள். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் முதலில் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே ஒருமுறை பாருங்கள். இரண்டாவது பிஸ்கட்டை யார் எடுத்துக்கொள்வது என்று அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.